என் வாயால் பதில் சொன்னது

நரம்பியல் பிரிவு வார்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை மணி பதினொன்று. நான், என் மனைவி, ஒரு பெட்டி. பெட்டியில் பாதி என் துணிமணி. மீதியில் என் மனைவி பஞ்சுப் பொட்டலங்களை அடுக்கியிருந்தாள். எனக்கு அல்ல. நான் பேசும்போது பக்கத்துக் கட்டில்காரர்கள் காதில் வைத்துக்கொள்ள.

பழைய கட்டடம். வராண்டாவின் நீளத்தை என்னவென்று சொல்ல? இந்த முனையில் வேலைக்குச் சேர்ந்த ஊழியர் அந்த முனைக்குப் போய்ச் சேரும்போது ஓய்வு பெற்றுவிடுவார். சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பச்சை வண்ணம், அதற்குமேல் ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த ஏதோ ஒரு நிறம். எங்கோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டபடி நெருங்கி வந்தது, விலகிப் போனது, மறுபடியும் நெருங்கி வந்தது. வண்டி மட்டும் கடைசிவரை கண்ணில் படவே இல்லை.

தரை துடைத்த மருந்தின் நெடிக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. ஈரச் சாக்கு ஒன்று மெல்லக் கருகுவதுபோல.

“உனக்கு ஏதாவது வாசனை வருதா?” என்று மனைவியைக் கேட்டேன்.

அவள் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினாள். என் சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோலக் கழுத்தில் சிறிது நேரம் கையை வைத்திருந்தாள்.

மூன்று மாதமாக இதே கதைதான். முதலில் அந்த வாசனை வரும். அரை நிமிடம் இருக்கும். பிறகு வலது காதுக்குப் பின்னால், மிக நெருக்கத்தில், ஒரு குரல் ஒரே ஒரு சொல்லைச் சொல்லும். நான் குவளையைக் கையில் எடுத்தால் “குவளை” என்னும். கதவைத் திறந்தால் “கதவு” என்னும்.

வேறொருவராக இருந்தால் நடுங்கியிருப்பார். எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஏனென்றால் நான் ஒரு நாடகக் குழுவில் முப்பத்து நான்கு வருடம் பிராம்ப்டராக இருந்தவன். மேடையின் ஓரத்தில், திரை மறைவில், நாடகப் பிரதியை மடியில் விரித்து உட்கார்ந்திருப்பேன். நடிகருக்கு வசனம் மறந்தால், சபைக்குக் கேட்காமல் அவருக்கு மட்டும் கேட்கும்படி முதல் சொல்லை எடுத்துக் கொடுப்பேன். நான் எடுத்துக் கொடுக்காத அரசன் இல்லை, காதலன் இல்லை, சாகக் கிடந்த தகப்பன் இல்லை. ஒரு கதாநாயகன் தன் கல்யாணத்திலேயே மணப்பெண்ணின் பெயர் மறந்துபோய்க் கூட்டத்தில் என்னைத் தேடினான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட எனக்கே ஒருவன் எடுத்துக் கொடுக்கிறான்.

அன்றே தலையை ஸ்கேன் படம் எடுத்துப் பார்த்தார்கள். அதை வெளிச்சத் திரையில் மாட்டி எங்களுக்கு விளக்கியவர் அறுவை சிகிச்சை டாக்டர். உலகத்தில் எதையும் மில்லிமீட்டரில் மட்டுமே அளப்பவர் என்பதால் அவருக்கு வார்டில் மில்லிமீட்டர் என்றே பெயர். சிரிப்பைக்கூட இரண்டு மில்லிமீட்டருக்குமேல் விரிக்க மாட்டார்.

மண்டையின் இடது பக்கத்தில், காதுக்குச் சற்று மேலே, புகை படிந்தாற்போல ஒரு வெளிறல். “இது நரம்பு செல்லுல வந்தது இல்ல சார்,” என்றார். “நினைக்கறது, பேசறது எல்லாம் நரம்பு செல் வேலை. அதுங்களுக்கு ஊழியம் பார்க்கற துணை செல்லுங்க இருக்கு. சாப்பாடு குடுக்கும், வயருக்கு உறை சுத்தும், குப்பை அள்ளும். கிளையல் செல்னு பேரு. அதுல ஒண்ணு நிறுத்தத் தெரியாம பெருகிடுச்சு. அதைத்தான் கிளையோமாங்கறோம்.”

எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. திரை இழுக்கிறவன், விளக்குப் போடுகிறவன், மேடையைப் பெருக்குகிறவன் ஆகியோரில் ஒருவன் வேலையை விட்டுவிட்டு மேடைக்கு வந்து நிற்கிறான். அப்படியே அவரிடம் சொன்னேன்.

அவர் யோசித்தார். “கிட்டத்தட்ட. ஆனா ஒரே இடத்துல நின்னா கையைப் பிடிச்சு வெளிய அனுப்பிடலாம். இவன் மத்த நடிகருங்க நடுவுல கலந்து நிக்கறான். எங்க இவன் முடியறான், எங்க நீங்க ஆரம்பிக்கறீங்கன்னு கண்ணுக்குத் தெரியாது.”

இந்தக் கட்டிகளில் நான்கு நிலைகள் உண்டாம். என்னுடையது இரண்டாம் நிலையாகத்தான் தோன்றுகிறது, மெதுவாக வளரும், எடுத்ததை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால்தான் உறுதி என்றார். விட்டுவைத்தால் ஒருநாள் குணம் மாறி மூர்க்கமாகும். எவ்வளவு அதிகம் எடுக்கிறோமோ அவ்வளவு வருடங்கள் கூடும். ஆனால் அது உட்கார்ந்திருப்பது பேச்சின் மடியில்.

அதனால் நான் விழித்திருக்கும்போதே வெட்டுவார்களாம். மூளைக்கு வலி தெரியாது. படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள், நான் பெயர் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் டாக்டர் மூளையின் ஓரிடத்தில் துளி மின்சாரம் வைப்பார். நான் தடுமாறினால் அது பேச்சுக்கு வேண்டிய இடம். அங்கே எண் எழுதிய ஒரு சீட்டை வைத்துவிட்டு விலகுவார்.

“நீங்க தடுமாறாம பதில் சொன்னா, அந்த இடத்தை நான் எடுத்துடுவேன்,” என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் உயிர் போய் வந்தது இதில்தான்.

வராண்டாவுக்கு வந்ததும் என் மனைவி சுவரில் சாய்ந்து நின்றாள். “நாப்பது வருஷமா உங்க வாயை மூடச் சொல்லிக் கேட்டிருக்கேன். அதுக்காக இப்படியா கேட்டேன்?” என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “ஒரு சொல்லு குறையாம திரும்பி வாங்க. குறைஞ்சா வீட்டுக்குள்ள விடமாட்டேன்.”

அதுதான் எனக்கு இடப்பட்ட ஆணை.

மறுநாளிலிருந்து நான்கு நாள் ஒத்திகை. ஒத்திகை நடத்தியவர் பேச்சுப் பயிற்சி தரும் ஒரு சின்ன வயதுப் பெண். கையில் எப்போதும் எண்பது அட்டைகள் இருக்கும் என்பதால் அவரை அட்டைக்காரம்மா என்று கூப்பிட்டேன். ஒரு அட்டைக்கு நான்கு விநாடி, ஒரே ஒரு சொல், அதுதான் விதி என்றார். குடைப் படத்தைக் காட்டினார். என் மாமனார் மழை வந்தால் நனைந்துவிடும் என்று சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஓடுவாரே, அந்தக் குடை என்றேன். ஏணியைக் காட்டினார். என் மச்சான் மேலே ஏறி, இறங்கத் தெரியாமல், மூன்று நாள் அங்கேயே சாப்பாடு வாங்கித் தின்றானே, அந்த ஏணி என்றேன்.

அட்டைக்காரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “ஐயா, டாக்டர் கையில கத்தி இருக்கும். உங்க மச்சான் இறங்கற வரைக்கும் அவர் காத்திருக்க முடியாது.”

முயன்று பார்த்தேன். முடியவில்லை. ஒற்றைச் சொல்லோடு நிறுத்துவது எனக்குத் தும்மலைப் பாதியில் நிறுத்துவது மாதிரி. நான்கு விநாடிக்குள் மாமனாரையும் திணித்துவிடக் கற்றுக்கொண்டேன். அட்டைக்காரம்மாவும் கடைசியில் விட்டுவிட்டார்.

மாத்திரைகளால் கருகல் வாசனை குறைந்தது. குரல் குறையவில்லை. முதல் நாள் ஒத்திகையில் அது எனக்குப் பின்னால் வந்தது, அதுவும் தப்பும் தவறுமாக. ஏணியைப் பார்த்து “ஜன்னல்” என்றது. இதற்குத்தான் அனுபவம் வேண்டும் என்று மனதுக்குள் நக்கலடித்தேன். இரண்டாம் நாள் சரியாகச் சொன்னது, என்னோடு சேர்ந்தே சொன்னது. மூன்றாம் நாள் அட்டைக்காரம்மா அட்டையைத் திருப்பும் முன்பே சொன்னது.

அது என்னோடு உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தது.

அன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்தேன். விழித்தபோது பக்கத்துக் கட்டிலில் இருந்த பேருந்து ஓட்டுநர் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலையில் கட்டு. நான் எவ்வளவு கதை அளந்தாலும் காதில் பஞ்சு வைக்காத ஒரே மனிதர் அவர்தான். இப்போது இரண்டு காதிலும் பஞ்சு இருந்தது.

“அண்ணே, தூக்கத்துல பேசினீங்க,” என்றார் மெல்ல. “தட்டு, செருப்பு, விசிறின்னு ஒவ்வொண்ணா. இந்த ரூம்ல இருக்கறதை எல்லாம் வரிசையா.”

தூக்கத்தில்கூட நான் ஓய மாட்டேன், என் மனைவியைக் கேளுங்கள் என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பஞ்சை இன்னும் உள்ளே அழுத்தினார்.

“வாய் அசையலண்ணே.”

டாக்டரிடம் சொன்னேன். அந்த இடம் கேட்பதற்கும் பேச்சுக்கும் உரிய இடம், கட்டி அதைச் சீண்டும்போது இல்லாத ஒலி கேட்கும், வாசனையும் அப்படித்தான் என்றார். பக்கத்துக் கட்டில்காரருக்கும் கேட்டதே என்றேன். அவருக்கும் அறுவை சிகிச்சை ஆகி நான்கு நாள்தான் ஆகிறது என்று சொல்லி, இரண்டு மில்லிமீட்டர் சிரித்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் கண்ணாடி முன்னால் நின்று அதனிடம் நேராகவே பேசினேன். முப்பத்து நான்கு வருடம் நான் ஓரத்தில் உட்கார்ந்தவன். ஒரு நாளும் அடுத்தவன் இடத்துக்கு ஆசைப்பட்டதில்லை. நீ தொழிலுக்கே அவமானம் என்றேன்.

காது மடலில் மூச்சுப் பட்டதுபோல இருந்தது.

அறுவை சிகிச்சை அறையின் குளிரைச் சொல்லி மாளாது. பேசினால் சொற்கள் உறைந்து தரையில் விழுந்து உடையும். தலையில் மரத்துப்போக ஊசி போட்டு, அசையாமல் இரும்பு வளையத்தில் பொருத்தினார்கள். மண்டையைத் திறக்கும்வரை தூங்க வைத்து, பிறகு எழுப்பினார்கள். மணிக்கட்டுகளைப் பட்டையால் கட்டியிருந்தார்கள். பச்சைத் துணி கூடாரமாக என்னை மூடியிருந்தது. அந்தக் கூடாரத்தின் வாசலில் ஒரே ஒரு முகம், அட்டைக்காரம்மா. தலைக்குப் பின்னால் எங்கோ உயரத்தில் மில்லிமீட்டரின் குரல்.

“ஆரம்பிக்கலாம்.”

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. குடை வந்தது, மாமனாரும் வந்தார். ஓரிடத்தில் கடிகாரத்தைப் பார்த்துக் “கடி… கடி…” என்று சிக்கினேன். சீட்டு வைத்தார்கள். அப்படியே ஆறு சீட்டு. நடுவே ஏதோ ஓர் இயந்திரம் சீராகத் துடித்துக்கொண்டிருந்தது. அது என் இதயம் என்று பிறகுதான் புரிந்தது.

அப்போது கருகல் வாசனை வந்தது.

வலது காதுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.

அந்தச் செருமலை நான் அறிவேன். மேடைக்குள் நுழையப் போகிற நடிகன் கடைசி நொடியில் செய்வது.

அட்டை திரும்பியது. சுத்தியல். எனக்குத் தெரிகிறது, மரப்பிடி, இரும்புத் தலை, அதை வைத்து என் மாமனார் செய்த அட்டூழியங்கள் முழுக்கத் தெரிகிறது. சொல்லைத் தேடினேன். சொல் இருந்த இடம் காலியாக இருந்தது.

“சுத்தியல்,” என்றது என் வாய்.

நான் சொல்லவில்லை.

நாக்கு அசைந்தது, உதடு குவிந்தது, என் குரல்தான் வெளியே வந்தது. நான் மட்டும் அதில் இல்லை.

“சரி. இன்னொரு தடவை,” என்றார் மில்லிமீட்டர்.

“ஏணி.”

“இன்னொண்ணு.”

“சாவி.”

“சுத்தமா சொல்றார். இங்க ஒண்ணும் இல்ல,” என்றார் அவர். “மின்சாரத்தை எடுத்தாச்சு. இந்த இடத்தை எடுத்துடலாம்.”

மின்சாரம் போய்விட்டது. வாய் எனக்குத் திரும்பி வரவில்லை. உள்ளே நின்று கத்தினேன். நான் இங்கே இருக்கிறேன், இது நான் இல்லை, கத்தியை வைக்காதே என்று கத்தினேன். துணிக்கு அடியில் விரல்களால் கட்டிலைத் தட்டினேன். யாரும் பார்க்கவில்லை. தட்டில் ஒரு கருவியை வைத்து இன்னொன்றை எடுக்கும் ஓசை கேட்டது.

அட்டைக்காரம்மா அடுத்த அட்டையைத் திருப்பவில்லை.

“டாக்டர், கொஞ்சம் நிறுத்துங்க.”

“ஏன், தப்பா சொல்றாரா?”

“இல்ல. சரியா சொல்றார்.” அவர் குரல் இறங்கியது. “அதான் எனக்குப் பிடிக்கல. நாலு நாள்ல இந்த மனுஷர் ஒரு அட்டைக்குக்கூட ஒத்தைச் சொல்லோட நிறுத்தினதில்ல.”

மில்லிமீட்டர் கருவியைத் தட்டில் திரும்ப வைத்தது கேட்டது.

அட்டைக்காரம்மா என் முகத்தருகே குனிந்தார். குடை அட்டையை மறுபடியும் எடுத்துக் காட்டினார். “ஐயா, இந்தக் குடை யாரோடது?”

“குடை,” என்றது வாய்.

“தெரியும். யாரோடது?”

“குடை.”

“யாரு இதைச் சட்டைக்குள்ள மறைச்சாங்க?”

“குடை. ஏணி. சாவி. கடிகாரம். குடை.”

ஒத்திகையின் வரிசை. அதே வரிசை. எனக்குப் புரிந்துவிட்டது, அந்த இருட்டிலும் ஒரு மகிழ்ச்சி பொங்கியது. அவனுக்குப் பக்கம் தவறிவிட்டது. நடிகன் பிரதியை விட்டு விலகினால் பிராம்ப்டர் படும் பாடு எனக்குத் தெரியும். பக்கம் பக்கமாகப் புரட்டுவான், எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. அந்த நேரத்தில் அவன் மேடையைப் பார்க்க மாட்டான். மடியைப் பார்ப்பான்.

அவன் மடியைப் பார்த்த அந்த நொடியில் நான் என் நாக்கைப் பிடித்தேன். அது ஆயிரம் மூட்டை கனத்தது. ஏழு யானைகள் அந்தப் பக்கம் இழுத்தன. நானும் விடவில்லை.

“அந்த…” என்றேன். என் குரல், என் சொல். “அந்தக் கருமியோடதும்மா. என் மாமனாரோடது. செத்தப்புறம் பிரிச்சுப் பார்த்தா உள்ள துணியே இல்ல, வெறும் கம்பி.”

அட்டைக்காரம்மாவின் கண்ணில் நீர் வந்ததா, சிரிப்பு வந்ததா, முகக்கவசத்தில் தெரியவில்லை. பின்னால் மில்லிமீட்டர் நீண்ட மூச்சு விட்டார். “ஏழாம் நம்பர் சீட்டு குடுங்க,” என்றார். “இந்த இடம் வேண்டாம். நான் தொடல.”

அதன் பிறகு மூன்று மணி நேரம் அவர் வெட்ட வெட்ட நான் பேசினேன். மூச்சுக்கு இடைவெளி விட்டால் அவன் நுழைந்துவிடுவான் என்று மூச்சு விடும்போதும் பேசினேன். மயக்க மருந்து டாக்டர், மருந்தே இல்லாமல் மயங்கிச் சரியப் பார்த்தார். அந்த அறையை விட்டு வெளியே வந்த ஒவ்வொருவருக்கும் என் மாமனாரின் வாழ்க்கை வரலாறு மனப்பாடம்.

ஒரு வாரம் கழித்து ஆய்வு முடிவு வந்தது. துணை செல்லில் தோன்றியதுதான், இரண்டாம் நிலைதான். பத்தில் ஒன்பது பங்கு எடுத்தாகிவிட்டது. மீதி ஏழாம் சீட்டுக்குப் பின்னால், நான்கு மில்லிமீட்டர். அடிக்கடி படம் எடுத்துப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் கதிர்வீச்சு, மருந்து என்று டாக்டர் சொல்லிக்கொண்டே போனார்.

“அந்த நாலு மில்லிமீட்டர்ல என்னதான் இருக்கு?” என்று கேட்டாள் என் மனைவி.

“கொஞ்சம் அந்த செல்லுங்க. கொஞ்சம் இவரோட பேச்சு. ரெண்டையும் என்னால பிரிக்க முடியலம்மா.”

இருக்கட்டும் என்றேன் நான். ஓரத்தில் உட்கார்ந்துகொள்ளட்டும். மேடை என்னுடையது. நான் உயிரோடு இருக்கும்வரை ஒரு காட்சிகூட விட்டுத்தர மாட்டேன். படம் எடுக்க எத்தனை முறை கூப்பிட்டாலும் வருவேன், கதிர்வீச்சானாலும் நிற்பேன். அவன்தான் சலித்து வெளியேற வேண்டும், நான் அல்ல.

வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஓடிவிட்டது. நல்ல வெளிச்சமான ஒரு காலை. பல் துலக்கிவிட்டு, வாய் நிறையத் தண்ணீரோடு கண்ணாடி முன்னால் நின்றிருந்தேன். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. தையல் போட்ட இடத்தில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது.

“சீப்பு,” என்றது குரல்.

கேட்டுப் பழகிவிட்டதால் நான் திடுக்கிடவில்லை. திடுக்கிட்டது அடுத்த நொடியில்.

“அங்கதாங்க இருக்கு, ஜன்னல்கிட்ட பாருங்க,” என்றாள் என் மனைவி, சமையலறையிலிருந்து.

என் வாய் நிறையத் தண்ணீர் இருந்தது.

துப்பினேன். உடனே பேச ஆரம்பித்தேன். அந்தச் சீப்பை வாங்கிய கடை, கடைக்காரரின் வழுக்கை, அவர் தலையில் பட்டுத் தெறித்த வெயிலில் தெருவே கண் கூசி விபத்துகள் நடந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். சத்தமாக, இடைவெளி இல்லாமல், அரை மணி நேரம். கடைசியில் எந்த மனிதனுக்கும் மூச்சு வாங்கத்தானே வேண்டும். உதட்டை மூடி மூக்கால் ஒரு மூச்சு இழுத்தேன்.

என் மனைவி கதவருகே வந்து நின்றிருந்தாள்.

“மனைவி,” என்றது.

எண்பது அட்டைகளில் அந்தச் சொல் கிடையாது.

அவள் என் மூடிய உதட்டைப் பார்த்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அவசரமே இல்லாமல் என் பக்கத்தில் வந்து, என் வலது காதுக்குப் பின்னால் இருந்த வெறும் காற்றைப் பார்த்து, கடைக்காரனிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

“ஆமா. இவரோட மனைவி. உன்னோடது இல்ல.”

பிறகு திரும்பி, அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

நான் பேசவில்லை. அது என்ன பதில் சொல்லும் என்று கேட்க விரும்பினேன். குழாய் சொட்டியது. தெருவில் ஒரு வண்டி போனது. நான் எதையும் நினைக்காமல் நின்றேன்.

என் தலைக்குள் யாரோ யோசித்துக்கொண்டிருந்தார்கள்.